ஆடுகிற கண்ணாடி

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாம்பார்ப் பாத்திரத்துக்கு அடியில் பிரிமணையாக இருப்பது ஓர் இரும்பு முக்கோணம். உள்ளங்கை அகலம். மூன்று மூலையிலும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கம்பளித் துண்டு ஒட்டியிருக்கும். நட்டநடுவில் ஒரு சின்னக் குழி. வீட்டுக்கு வருகிறவர்கள் அதை ஏதோ கிரைண்டரின் உதிரிப்பாகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் மறுப்பதில்லை. மறுத்தால், வானத்து நட்சத்திரங்கள் எல்லாம் முக்கோண வடிவம் கொண்டவை என்று பதினோரு நாள் முழுமனதாக நம்பியவன் நான் என்பதைச் சொல்ல வேண்டிவரும். நம்பியதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. நோட்டில் படம் வரைந்து, தேதி போட்டு, கீழே கையெழுத்தும் போட்டிருந்தேன். முதல் நாள் ஒரு நட்சத்திரம் முக்கோணமாகத் தெரிந்தபோது, ஒட்டிப் பிறந்த மூன்று நட்சத்திரங்களை உலகில் முதலில் கண்டவன் நானே என்று எண்ணினேன். மறுநாள் இன்னொன்றைப் பார்த்தேன், அதுவும் முக்கோணம். வாரக் கடைசிக்குள் வானம் முழுக்க முக்கோணமாகிவிட்டது. அப்போதும் எனக்கு வானத்தின்மேல்தான் சந்தேகம் வந்ததே தவிர, என் கைவேலையின்மேல் வரவில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியின் டிராயிங் பிரிவில் எனக்கு வேலை. எங்கள் கம்பெனியில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. தயாராகி வரும் ஒவ்வொரு பம்பையும் வரிசையின் கடைசியில் நிற்பவர் இரண்டு கையாலும் பிடித்து ஓர் உலுக்கு உலுக்குவார். உள்ளே எதுவாவது ‘லொடக்’ என்றால் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. ஆடினால் ரிஜெக்ட். பன்னிரண்டு வருஷம் இந்தச் சட்டத்துக்குக் கீழே குப்பை கொட்டியவனுக்கு அது ரத்தத்தில் ஊறிப்போகும். நாற்காலி ஆடினால் என் கை ஸ்பேனரைத் தேடும். கல்யாணப் பந்தியில் மேசை ஆடினால் பாயசம் இறங்காது. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். லேத்தும் பவுண்டரியும் மோட்டாருமாக வாழ்ந்த ஊர். ‘டைட்டா இருக்குதுங்களா’ என்பதுதான் எங்களுக்கு நலம் விசாரிப்பு.

இப்படிப்பட்டவனுக்குத் தொலைநோக்கி செய்யும் ஆசை வந்தது விதி என்றுதான் சொல்ல வேண்டும். பெரிய தொலைநோக்கி என்றால் அடியில் பெரிய குழிக்கண்ணாடி வேண்டும். முறைப்படி அது செங்கல் கனத்தில் இருக்க வேண்டும். அவ்வளவு கனமான கண்ணாடி எனக்கு எங்கே கிடைக்கும்? உக்கடம் பெரிய குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் கண்ணாடிக்கடை வைத்திருந்த பாய், ஏதோ ஜவுளிக்கடையை இடித்துக் கட்டியபோது கழற்றிய பழைய பலகைக் கண்ணாடியில் இரண்டு வட்டம் வெட்டிக் கொடுத்தார். பதினாறு அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம். தோசைக்கல்லைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனால் கடைக்கு வருகிற எல்லோரையும் ஏதோ தொல்லை தர வந்த மச்சானைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார். ஒரு கண்ணாடியைப் பழைய டீசல் டிரம்மின்மேல் வைத்து, அதன்மேல் இன்னொன்றை வைத்து, நடுவில் சாணைப்பொடியும் தண்ணீரும் விட்டு, மேலே இருப்பதைத் தள்ளியும் இழுத்தும் தேய்த்துக்கொண்டே டிரம்மைச் சுற்றி நடக்க வேண்டும். பத்து மாதம் நடந்தேன். அந்த நடையைப் பழனிப் பக்கம் திருப்பியிருந்தால் இருபது தடவை போய்வந்து புண்ணியமாவது சேர்ந்திருக்கும். டிரம் இருந்தது எங்கள் முன்னறையில். என் மனைவி அந்தப் பத்து மாதமும் விருந்தாளிகளைச் சமையலறையில் உட்காரவைத்துப் பேசினாள்.

கடைசி இரண்டு மாதம் அவள் அதைச் சந்தோஷமாகவே பொறுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. காரணத்தின் பெயர் என் மாமனார்.

மாமனார் தாராபுரத்துக்குக் கிழக்கே அமராவதி வாய்க்கால் பாசனத்தில் விவசாயம் பார்த்தவர். அவருடைய வலது கண்ணில் புரை விழுந்து பால்போல ஆகிவிட்டது. இடது கண்ணிலும் ஆரம்பம். கோவையில் நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது, அரைமணி நேர வேலை என்று மகள் இரண்டு வருஷமாகக் கெஞ்சினாள். அவர் அசையவில்லை. அவருடைய அண்ணன் எந்தக் காலத்திலோ ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டு இரண்டையும் இழந்தவர். “ஒண்ணுல கைய வெச்சா ரெண்டும் போயிரும் கண்ணு. என்ற அண்ணனப் பாத்தீல்ல” என்பதோடு பேச்சை முடித்துவிடுவார். அதோடு அவர் கும்ப ராசி. ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது. ஆறு வருஷத்துக்குமேல் ஓடி, பாதச் சனி என்கிற கடைசிக் கட்டத்தில் இருந்தது. அந்தக் காலத்துக்குள் கிணறு வற்றியது, மோட்டார் மூன்று தடவை எரிந்தது, என் மாமியார் ஒரு வாரக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். எல்லாவற்றையும் அவர் ஒரே பெயரில்தான் எழுதிவைத்திருந்தார்.

ஆவணியில் ஒரு முகூர்த்தத்துக்கு வந்தவர், முன்னறையில் டிரம்மைச் சுற்றிக்கொண்டிருந்த மாப்பிள்ளையைக் கொஞ்ச நேரம் ஒற்றைக் கண்ணால் பார்த்தார். எதற்கு இந்தப் பிரதட்சணம் என்று கேட்டார். சொன்னேன். சந்திரன் தெரியுமா என்றார். தெரியும் என்றேன். சனி? வளையத்தோடு தெரியும் என்றேன், வாய் கொழுப்பில். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஏனுங்க மாப்ள, ஏழரை வருசமா அவன் என்னையப் பாத்துக்கிட்டே இருக்கறான். நானும் ஒருக்கா அவனப் பாக்கோணுமுங்க. மூஞ்சிக்கு மூஞ்சி. பாத்துப்போட்டேன்னா அப்பறம் இந்தக் கண்ண டாக்டருகிட்டக் குடுத்தர்றேன். போனாப் போவுது.”

என் மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் காபியோடு ஒரு தட்டு நிறைய ஒப்புட்டும் டிரம்முக்குப் பக்கத்தில் வந்தது. அதுவரை விளையாட்டாக இருந்த காரியம் அன்றிலிருந்து ஆபரேஷன் தியேட்டரின் வாசற்படியாகிவிட்டது. தொலைநோக்கி சனியைக் காட்டினால் மாமனார் கண்ணைக் கொடுப்பார். காட்டாவிட்டால் ஊருக்குப் போய் இருட்டில் உட்கார்ந்துகொள்வார்.

ஐப்பசியில் கண்ணாடி முடிந்தது. பாய் கடையிலேயே ரசம் பூசினோம். முகம் பார்க்கிற கண்ணாடிக்கு ரசம் பின்பக்கம், தொலைநோக்கிக்கு முன்பக்கம். இதை அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மத்தியானம் ஆயிற்று. “முன்னாடி பூசுனா தொட்டா அழிஞ்சிருமுங்க சார், அப்பறம் என் பேரச் சொல்லுவீங்க” என்று முனகிக்கொண்டே பூசினார். அடுத்தது, அந்தக் கண்ணாடியைக் குழாயின் அடியில் உட்காரவைக்கும் வேலை. இங்கேதான் பம்ப்செட்காரன் விழித்துக்கொண்டான்.

ஒரு நண்பர் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றிலிருந்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த நான்கு பக்கங்கள் என்னிடம் இருந்தன. மெல்லிய பெரிய கண்ணாடியை எப்படித் தாங்குவது என்று அதில் படத்தோடு போட்டிருந்தான். மூன்று முக்கோணத் தகடுகள். ஒவ்வொன்றும் நடுவில் ஒரே ஒரு போல்ட் முனைமேல் தராசுபோல நிற்கும். மூன்று மூலையும் கண்ணாடியைத் தொடும். ஆக ஒன்பது இடத்தில் தாங்கல். கண்ணாடியை எதுவும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. சும்மா மேலே உட்கார்ந்திருக்க வேண்டும். படித்தேன். சிரித்தேன். எந்த மடையன் ஒரு சாமானை மூன்று ஆடுகிற தகட்டின்மேல் வைத்துவிட்டு அதை முடிந்த வேலை என்று சொல்வான்? தூக்கிக் குலுக்கினால் லொடலொட என்று சத்தம் வருமே? நான் அந்த வரைபடத்தை ‘திருத்தினேன்’. கம்பெனி பவுண்டரியில் சொல்லி ஒரு வார்ப்பிரும்பு வளையம். அதன்மேல் கண்ணாடி. அதன் விளிம்பை அமுக்கிப் பிடிக்க மூன்று இரும்புக் கொக்கிகள். கொக்கிக்கு அடியில் ரப்பர் கேஸ்கட். மேலே ஸ்பிரிங் வாஷர். ஒவ்வொரு போல்ட்டையும் பம்பு மூடியை இறுக்குகிற கணக்கில் இறுக்கினேன். உலுக்கிப் பார்த்தேன். ஒரு சத்தம் இல்லை. ஐந்நூறு அடி ஆழக் கிணற்றுக்குள் இறக்கினாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் கசியாத தொலைநோக்கியை உலகத்தில் முதலில் செய்தவன் நான்தான்.

கார்த்திகை மழை விட்ட ஓர் இடைவெளியில் அதை மொட்டை மாடியில் நிறுத்தினேன். அதன் பிறகு நடந்த பதினோரு நாள் முக்கோணக் கதையை முதலிலேயே சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு மில் மேஸ்திரியைக் கூட்டிவந்து என் கண்டுபிடிப்பைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, “ஜாமெட்ரி பாக்ஸத் தொறந்து வெச்சாப்பல இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பன்னிரண்டாம் நாள் குழாயைச் சனியின் பக்கம் திருப்பிப் பார்த்தேன். கோளமும் இல்லை, வளையமும் இல்லை. பிடித்து வைத்த கொழுக்கட்டைபோல ஒரு மஞ்சள் கட்டி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் அப்போதும் தப்பாகவே உறைத்தது. கண்ணாடியைத் தேய்த்ததில் பிழை, பத்து மாதமும் வீண், ரசத்தை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தேய்க்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். மனைவியிடம் சொன்னபோது அவள் டிரம்மைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அதுக்குள்ள அப்பாவுக்கு அந்தக் கண்ணும் போயிருமுங்க” என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வார்ப்பிரும்பு வளையத்தோடு கண்ணாடியை ஆட்டோவில் ஏற்றிப் பாய் கடைக்குக் கொண்டுபோனேன். ஆசிட் ஊற்றி ரசத்தைக் கழுவித் தாருங்கள், மறுபடி தேய்க்கப் போகிறேன் என்றேன். பாய் கண்ணாடியைப் பார்க்கவில்லை. கொக்கிகளைப் பார்த்தார்.

“ஏன் சார், இது கண்ணாடிங்களா, கைதிங்களா?”

ஆடாமல் இருக்க வேண்டும் என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். போன மாதம் நடந்த கதை என்று ஆரம்பித்தார். டவுன்ஹால் பக்கம் ஒரு சலூனுக்குப் பெரிய கண்ணாடி மாட்டிக்கொடுத்தாராம். மறுநாளே சலூன்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்கிற எல்லோருக்கும் வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறதாம், முடி வெட்டியது சரியில்லை என்று ஆட்கள் எழுந்து போகிறார்களாம். “போய்ப் பாத்தா, நான் வந்தப்பறம் அவராவே நாலு ஸ்க்ரூவையும் ஏறமுட்டத் திருகி வெச்சிருக்கறாருங்க. நான் கண்ணாடிய மாத்தல, ஒண்ணும் பண்ணல. நாலுலயும் கால் திருப்பு லூஸ் பண்ணுனேன். எல்லாத்துக்கும் வாய் நேராயிருச்சு. கண்ணாடி கல்லுன்னு நெனைக்கறீங்க சார். அது கல்லில்லீங்க. தகடு. அமுக்குனா வளையும். நம்ம கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.”

சொல்லிக்கொண்டே ஒரு ஸ்பேனரை எடுத்து என் முதல் போல்ட்டை இளக்கினார். இரண்டாவது. மூன்றாவதை இளக்கும்போது கண்ணாடிக்குள்ளிருந்து ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. நெரிசலான பஸ்ஸிலிருந்து இறங்கியவன் விடும் மூச்சுபோல இருந்தது. ஒரு தலைமுடியை ஆயிரமாகக் கிழித்தால் வரும் இழை அளவுக்கு அது வளைந்திருக்கும். நட்சத்திரத்தை முக்கோணமாக்க அது போதும். மூன்று கொக்கி, மூன்று மூலை. பதினோரு நாள் வானத்தில் நான் பார்த்துப் படம் வரைந்தது என்னுடைய மூன்று போல்ட்டுகளை.

கொக்கியை எடுத்துவிட்டால் மட்டும் போதுமா என்று கேட்டேன். வளையத்தின்மேல் உட்கார்ந்தால் நடுப்பகுதி தன் எடையிலேயே தொய்யுமே? பாய் பின்னால் நின்ற லோடு ஆட்களைக் காட்டினார். பெரிய பலகைக் கண்ணாடியை நாலு பேர் தூக்கும்போது ஒருத்தன் பலத்தைக் காட்ட ஓங்கித் தூக்கினால் எடை முழுக்க அவன் கைக்குப் போய்விடும், விரிசல் அங்கேதான் விழும் என்றார். “ஆருக்கு எடை ஜாஸ்தியாகுதோ அவன் கொஞ்சம் எறக்கோணுமுங்க. எறக்குனா மத்தவனுக்குப் போயிரும். புடிக்கக் கூடாது சார். கை குடுக்கோணும்.” எனக்கு ஜெராக்ஸ் பக்கங்கள் நினைவுக்கு வந்தன. அந்த முக்கோணங்கள் எதற்காக ஆடுகின்றன என்று அப்போதுதான் விளங்கிற்று. ஒரு மூலையில் எடை கூடினால் அந்த மூலை இறங்கும், மற்ற இரண்டும் ஏறித் தாங்கும். ஒன்பது மூலையும் சமமாகச் சுமக்கும். கண்ணாடிக்கு யாரும் தன்னைத் தூக்குவதே தெரியாது. இதைத்தான் நான் மடையன் வேலை என்று சிரித்துத் திருத்தியிருந்தேன். பாயிடம் இதைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆசிட் பாட்டிலை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, டீ சொன்னார்.

மார்கழி முழுக்க முக்கோணம் செய்தேன். கம்பெனிக் கழிவுத் தகட்டில் மூன்று. எடை மையம் பார்த்து அடியில் குழி போட்டு, உருண்டைத் தலைப் போல்ட்டின்மேல் ஒவ்வொன்றையும் நிறுத்தினேன். மூலைகளுக்குப் பாலிஷ் சக்கரத்தின் பழைய கம்பளியை வெட்டி ஒட்டினேன். குழாயைச் சாய்க்கும்போது கண்ணாடியின் விளிம்பு எதன்மேலாவது உட்கார வேண்டுமே? அதற்கு நாடாக் கட்டிலின் பருத்தி நாடா. கண்ணாடியின் கீழ்ப்பாதியை ஊஞ்சல்போல அணைத்துக்கொள்ளும்படி கட்டினேன். இதையெல்லாம் குழாயின் அடியில் ஒரு பெட்டிக்குள் அமைத்தேன். பெட்டி கவிழ்ந்தால் கண்ணாடி விழாமலிருக்க மூன்று கொக்கிகள் மட்டும் மிச்சம். ஆனால் அவை கண்ணாடியைத் தொடக் கூடாது, நடுவில் ஒரு போஸ்ட்கார்டு போய்வர வேண்டும். எல்லாம் முடிந்து பெட்டியை அசைத்தபோது உள்ளே ‘லொடக்’ என்றது. பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் என் கை ஸ்பேனருக்குப் போனது. இடது கையால் வலது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அன்று சாயங்காலம் பார்த்தபோது நட்சத்திரம் குண்டூசி முனைபோல ஒரு புள்ளி. சனி வளையத்தோடு நின்றது. அந்த வருஷம் வளையம் ஒல்லிதான், ஆனாலும் வளையம். அப்போதே தாராபுரத்துக்குத் தகவல் சொன்னாள் என் மனைவி.

பொங்கல் கழிந்த சனிக்கிழமை மாமனார் வந்தார். கையில் ஒரு கூடை முருங்கைக்காயும், மடித்த வேட்டியும். திங்கட்கிழமைக்கு ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்து வைத்திருந்தோம். ஆனால் போவதா வேண்டாமா என்பது அன்று சாயங்காலம் மாடியில்தான் முடிவாகும் என்று எல்லோருக்கும் தெரியும். மத்தியானம் நான் கம்பெனிக்கு அரைநாள் போய்வந்தேன். ஆறேமுக்காலுக்கு வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. மேற்கே சற்றுச் சாய்ந்து உச்சிக்குப் பக்கத்திலேயே சனி. மாமனார் மாடிப்படி ஏறிவந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். என்னதான் கணக்குத் தீர்க்க வந்திருந்தாலும் அவன் சாமியாயிற்றே. ஸ்டூலில் ஏறி, இடது கண்ணை வைத்தார்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தடவை வைத்தார். பிறகு மெதுவாகத் தலையை எடுத்தார்.

“ஏனுங்க மாப்ள. இந்தக் கண்ணும் போச்சுங்களா?”

நான் பார்த்தேன். கொழுக்கட்டை. மார்கழிக் கடைசியில் வளையத்தோடு நின்ற சனி மறுபடியும் பிசைந்த மாவாக நின்றது. கண்ணாடிதான் கோணல், முதலிலிருந்தே கோணல், நான் பார்த்த வளையம் என் ஆசையில் பார்த்தது என்று ஒரு நொடிக்குள் நினைத்துவிட்டேன். மாமனார் ஸ்டூலிலிருந்து இறங்கி, இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இனி என்னத்த ஆப்ரேசன். உடு கண்ணு. காத்தால மொதப் பஸ்ஸுக்குக் கெளம்பறேன்” என்று மகளிடம் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

அப்போது என் மனைவி மெதுவாக, “ஏனுங்க, அப்பா மத்தியானம் ஸ்பேனர் கேட்டாருங்க. நாந்தான் எடுத்துக் குடுத்தேன்” என்றாள்.

மாமனார் செருப்பில் ஒரு காலோடு நின்றார். முப்பது வருஷம் தன் மோட்டாரைத் தானே பிரித்துப் பூட்டியவர் அவர். மத்தியானம் மாப்பிள்ளை செய்த சாமானைப் பார்க்க மேலே வந்திருக்கிறார். பெட்டியை ஆட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே லொடக் என்றிருக்கிறது.

“என்னமோ கழண்டு போச்சாட்ட இருந்துச்சுங்க. நீங்க பாவம் ஆபீஸ்ல வேல பாக்கறவரு, பாக்க உட்டுப்போட்டீங்கன்னு நெனச்சு, மூணு போல்ட்டும் ஒரு முக்காத் திருப்பு டைட்டு வெச்சுப்போட்டேனுங்க. மாப்ளைக்கு எதுக்குத் தொந்தரவு குடுக்கறதுன்னு சொல்லல.”

அவரைக் கோபிக்க எனக்கு எந்த யோக்கியதையும் இருக்கவில்லை. அவர் முக்கால் திருப்பு. நான் கேஸ்கட்டே போட்டவன். பெட்டியின் மூடியைத் திறந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, மூன்று கொக்கியையும் இளக்கினேன். போஸ்ட்கார்டைத் தேடினால் கிடைக்கவில்லை. என் மனைவி ஓடிப்போய் ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையைக் கொண்டுவந்தாள். அதைக் கொக்கிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் விட்டு எடுத்தேன். மூன்றாவது கொக்கியில் மறுபடி அந்த ‘டிக்’. குழாயைத் திருப்பியபோது உள்ளே நன்றாக லொடக் என்றது. மாமனார் முகம் சுளித்தார், ஆனால் எதுவும் சொல்லவில்லை.

மறுபடி ஏறிப் பார்த்தார். இந்தத் தடவை அவர் மூச்சு நின்றது எங்கள் இருவருக்கும் கேட்டது.

“வளையம்” என்றார். கொஞ்சம் கழித்து, “இத்தனூண்டா?” என்றார். பிறகு கையைப் பின்னால் ஆட்டி, “கொஞ்சம் அக்கட்டால நில்லுங்க ரெண்டு பேரும். எனக்கு அவங்கிட்டப் பேச்சு இருக்குது” என்றார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றோம். ஆனால் பூமி சுற்றுகிறதே. அரை நிமிடத்தில் சனி குழாயை விட்டு நகர்ந்துவிடும். “மாப்ள, ஓடறான் பாருங்க! பேச்சு பாதியில இருக்குது, ஓடறான்!” என்று கத்தினார். ஓடிப்போய்க் குழாயை ஒரு நூலளவு தள்ளினேன். நகர்ந்து நின்றேன். மறுபடி ஓடினான். கடைசியில் அங்கேயே நின்று இரண்டு கையாலும் குழாயைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. காதைப் பொத்திக்கொள்ள மூன்றாவது கை இல்லை. அவர் வேண்டிக்கொள்ளவில்லை, திட்டவும் இல்லை. வாய்க்கால் தகராறில் எதிர்த்தரப்பிடம் பேசுகிற நிதானத்தில் சொன்னார்: “கெணறு வத்துச்சு, சரி. மோட்டாரு மூணு தரம் எரிஞ்சுது, அதும் சரி. அவளுக்கு என்னடா அவசரம்?” பதிலுக்காகக் காத்திருந்தார். உள்ளே கண்ணாடி லேசாக ‘லொடக்’ என்றது. அவர் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். “திங்கக்கெழம எத்தன மணிக்கு வரச் சொன்னாங்க கண்ணு?” என்று மகளைக் கேட்டார்.

வலது கண் நன்றாக வந்தது. அடுத்த வருஷம் இடது கண்ணையும் அவரே கேட்டு வாங்கிச் செய்துகொண்டார். அதன் பிறகு பதினாறு வருஷம் கண்ணாடி போடாமல் பேப்பர் படித்தார். என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சுவரில் எந்த ஆணி இளகியிருக்கிறது என்பது வாசலிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். பாய் கடை இப்போது இரண்டு மாடி. மகன் துபாய்க் கண்ணாடிக் கதவுகள் விற்கிறான். பாய் பின்னால் உட்கார்ந்து, என்னைப் பார்த்ததும் “கைதி எப்படிங்க இருக்குது?” என்று கேட்பார். ரசம் இரண்டு தடவை கறுத்தது, அவர்தான் இரண்டு தடவையும் பூசித் தந்தார். மூன்றாம் தடவை கறுப்பதற்குள் நாங்கள் அபார்ட்மென்டுக்கு மாறிவிட்டோம். மாடிச் சாவி அசோசியேஷன் செயலாளரிடம் இருக்கிறது. அவருக்குச் சனியிடம் பேச எதுவும் இல்லை. கண்ணாடி பீரோவின் மேல் ஒரு போர்வைக்குள் படுத்திருக்கிறது. முக்கோணங்களில் ஒன்று சாம்பாருக்கு, ஒன்று ரசத்துக்கு, ஒன்று எங்கேயோ போய்விட்டது. எவ்வளவு கோணலான மேசையிலும் அவை ஆடாமல் நிற்கும். ஆடுவதற்காகவே செய்யப்பட்ட தகடு இந்த வீட்டில் ஆடாத ஒரே சாமானாகிவிட்டதைச் சாம்பார் ஊற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அப்போதெல்லாம் எனக்குத் தாராபுரத்தில் ஒரு கல்யாணமும் நினைவுக்கு வரும். கண் ஆபரேஷன் முடிந்த நான்காவது மாதம். பந்திக்குக் காத்திருந்த பங்காளிகள் சூழ உட்கார்ந்து மாமனார் சனியைப் பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வளையம், நிறம், ஓடுகிற ஓட்டம், எல்லாம் சொன்னார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மாப்பிள்ளையே செய்த மிஷினா, அவ்வளவு தெளிவாகவா தெரிந்தது என்று ஒரு பெரியவர் வாயைப் பிளந்தார். மாமனார் என்னை ஒரு தடவை பாசமாகத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவர் பக்கம் சாய்ந்து குரலைத் தணித்துச் சொன்னார்:

“தெரிஞ்சுதுங்க. உள்ளுக்குள்ள போல்ட்டு லூசு. கொஞ்சம் டைட்டு வெச்சிருந்தா இன்னும் நல்லாத் தெரிஞ்சிருக்கும். மாப்ள மனசு கோணக்கூடாதுன்னு நான் சொல்லலீங்க.”